பிரவுசர் மல்டிபிளேயர் கேமுக்கு எந்த டேட்டாபேஸ்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நோட்ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது), வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) வைத்து பிரவுசரில் ஓடும் ஒரு கேம் எழுதுகிறீர்கள். ஒரு மேப்பில் ஐம்பது பேர் வரை ஓடியாடி, சண்டை போட்டு, வாள், கேடயம், தங்கம் எல்லாம் சேர்ப்பார்கள்; ஒருவருக்கொருவர் விற்கவும் செய்வார்கள். சர்வர் நொடிக்கு 20 முறை எல்லோருடைய நிலையையும் புதுப்பிக்கிறது. ‘இந்த வேகத்துக்கு மைஎஸ்கியூஎல் தாங்காது, மோங்கோடிபி அல்லது ரெடிஸுக்குப் போ’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள், எது சரி என்று கேட்கிறீர்கள். பல வருடங்களாக ஆன்லைன் கேம்களின் சர்வர் பக்கத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நொடிக்கு நொடி மாறுவது எங்கே இருக்க வேண்டும் என்பது ஒன்று. நாளைக்கு வந்து பார்த்தாலும் அப்படியே இருக்க வேண்டியது எங்கே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் நண்பர்கள் முதல் கேள்விக்குப் பதிலாக டேட்டாபேஸ் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எந்த டேட்டாபேஸும் தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். ஐம்பது பேர், நொடிக்கு 20 முறை என்றால் ஒரு மேப்புக்கே நொடிக்கு 1000 முறை டேட்டாபேஸில் எழுத வேண்டும். நல்ல எஸ்எஸ்டி உள்ள சர்வரில் போஸ்ட்கிரெஸ் (மைஎஸ்கியூஎல் போன்ற இன்னொரு டேட்டாபேஸ்) இதைத் தாங்கக்கூடும். ஆனால் எதற்காக எழுதுகிறோம்? ஒரு வீரன் நின்ற இடம் அடுத்த 50 மில்லிசெகண்டில் பழசாகிவிடுகிறது. அதைத் திரும்ப யாரும் படிக்கப்போவதில்லை. அதிலும் போஸ்ட்கிரெஸ் டேபிளில் ஒரு வரியை (ரோ) அப்டேட் செய்யும்போது பழையதை அழிப்பதில்லை. புதிய பிரதி ஒன்றை எழுதிவிட்டு, பழையதைப் பின்னால் வேக்கம் என்ற துப்புரவு வேலை வந்து துடைக்கும்படி விட்டுவைக்கிறது. மணிக்கு 36 லட்சம் செத்த பிரதிகள், யாருக்கும் பயன்படாத ஒரு தகவலுக்காக. வீரர்களின் இடம், வேகம், பறக்கும் அம்பு, அடுத்த அடிக்கு மீதமுள்ள நேரம் இதெல்லாம் சர்வர் புரோகிராமின் சொந்த மெமரியில், சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டுகளாகவே இருக்கட்டும். அதைவிட வேகமான இடம் வேறு கிடையாது. ரெடிஸும் மெமரியில்தான் வைக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் வழியாகப் போய்வர வேண்டும்.

இது வெறும் கொள்கை இல்லை என்பதற்கு மோசில்லா 2012இல் வெளியிட்ட பிரவுசர்குவெஸ்ட் நல்ல சாட்சி. வெப்சாக்கெட் என்ன செய்யும் என்று காட்டுவதற்காக நோட்ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட, பலர் சேர்ந்து ஆடும் கேம் அது. உலகம் முழுவதும் சர்வரின் மெமரியில் ஓடியது. வீரனின் ஆயுதமும் கவசமும் அவரவர் பிரவுசரின் லோக்கல்ஸ்டோரேஜில் (பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும் சேமிப்பில்) இருந்தன. சர்வரில் டேட்டாபேஸே இல்லாமல் அது ஓடியது. செய்முறை விளக்கத்துக்கு அது போதும். உங்களுடையதில் விற்பது வாங்குவது உண்டு என்பதால் அந்த இரண்டாவது பாதியை மட்டும் பின்பற்றாதீர்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த யாரும் லோக்கல்ஸ்டோரேஜில் தனக்கு வேண்டிய வாளை எழுதிக்கொள்ளலாம்.

ஆக, எதை டேட்டாபேஸுக்கு அனுப்புவது? ஒரு சோதனை இருக்கிறது. இந்த நொடியில் சர்வர் செத்துவிழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது காணாமல் போனால் ஆடுகிறவர் கோபப்படுவார்? நின்ற இடம் பத்தடி தள்ளிப்போனால் கவனிக்கக்கூட மாட்டார். கடைசி அரை நிமிடத்தில் சேர்த்த அனுபவப் புள்ளிகள் போனால் முணுமுணுப்பார். சற்றுமுன் விற்ற வாளும் போய், அதற்கு வர வேண்டிய தங்கமும் வராவிட்டால் திரும்பி வரவே மாட்டார். காசு கட்டி வாங்கிய பொருள் போனால் கேட்கவே வேண்டாம். முதலாவது, நின்ற இடம், மெமரியோடு போகலாம். இரண்டாவதை, அனுபவப் புள்ளிகளை, அவ்வப்போது எழுதினால் போதும். மூன்றாவதை, அதாவது விற்றதையும் வாங்கியதையும், ‘ஆயிற்று’ என்று திரையில் காட்டும் முன்பே வட்டில் (டிஸ்கில்) எழுதி முடித்திருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது வகைக்காகத்தான் நான் போஸ்ட்கிரெஸைச் சொல்கிறேன். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. வேகத்துக்காகச் சொல்லவில்லை, விற்பனை நடக்கும் கேமில் வரும் மிகக் கொடிய பக், பொருள் இரட்டிப்பாவது. ராமு தன் வாளைச் சோமுவுக்கு 100 தங்கத்துக்கு விற்கிறார். உங்கள் புரோகிராம் கோடு சோமுவின் தங்கத்தைப் படிக்கிறது, போதும் என்று பார்க்கிறது, கழிக்கிறது, வாளை மாற்றுகிறது. இந்த நாலு படிகளுக்கு நடுவில் எங்காவது ஓர் அவெய்ட் (பதிலுக்காகக் காத்திருக்கும் கட்டளை) இருந்தால் நோட்ஜேஎஸ் வேறொரு வேலைக்குப் போய்விடும். அதே நேரத்தில் ராமு இரண்டாவது டேபைத் திறந்து அதே வாளை வேறொருவருக்கு விற்றால், இரண்டு விற்பனையும் ‘வாள் ராமுவிடம் இருக்கிறது’ என்று படித்துவிடும். இப்போது உலகத்தில் ஒரு வாளுக்கு இரண்டு வாள். ஆடுகிறவர்கள் இந்தத் துளையைக் கண்டுபிடிப்பதில் அசகாய சூரர்கள். ஒருவர் கண்டுபிடித்தால் மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும், பொருள்களின் விலை படுத்துவிடும், நேர்மையாக ஆடியவர்களின் உழைப்பு வீணாகும். பின்னால் போய் எது அசல் வாள், எது நகல் என்று பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இதைத் தடுக்கும் கருவிகள் போஸ்ட்கிரெஸ் போன்ற ரிலேஷனல் (தரவை டேபிள்களாக வைக்கும்) டேட்டாபேஸில் தயாராக இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தினால் போதும். விற்பனை முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள். அப்போது எல்லாப் படிகளும் சேர்ந்து நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. சம்பந்தப்பட்ட இரண்டு வீரர்களின் வரிகளையும், நடுவில் வேறு யாரும் மாற்றாதபடி, செலக்ட் ஃபார் அப்டேட் கட்டளை கொண்டு பூட்டுங்கள். எப்போதும் சிறிய ஐடி உள்ளவரை முதலில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ராமு சோமுவுக்கும் சோமு ராமுவுக்கும் ஒரே நேரத்தில் விற்கும்போது இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நின்று டெட்லாக் ஆகும். தங்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று டேபிளிலேயே செக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள். கோடில் என்ன தவறு இருந்தாலும் அது கடைசி அரணாக நிற்கும். ஒவ்வொரு வாளுக்கும் தனி ஐடி, தனி வரி, அதில் உடைமையாளர் யார் என்று ஒரு நெடுவரிசை. அப்படி இருந்தால் ஒரு வாள் இரண்டு பேரிடம் இருப்பது டேபிளின் அமைப்பிலேயே சாத்தியமில்லாமல் போகிறது. ‘ஐந்தாம் நிலை’, ‘தீ சேதம் 12’ போன்று பொருளுக்குப் பொருள் மாறும் குணங்களை ஜேசன்பி என்ற வகை நெடுவரிசையில் வைக்கலாம், அது 9.4 பதிப்பிலிருந்து, அதாவது 2014இலிருந்து, போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. ‘பொருள்களின் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும், அதனால் மோங்கோ வேண்டும்’ என்ற வாதத்துக்கு இதனால் பெரிய பலம் இல்லை.

பிரவுசர் கேமுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. போனில் ஆடுகிறவர் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுவார், இணைப்பு அறுந்து மீண்டும் வரும். ‘வாங்கு’ என்ற செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், பதில் மட்டும் வந்திருக்காது. கிளையண்ட், அதாவது பிரவுசரில் ஓடும் பக்கம், மறுபடி அனுப்பும், இரண்டு முறை காசு போகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையண்டே ஒரு தனி அடையாளத்தை உண்டாக்கி அனுப்பட்டும். அதை யூனிக் கட்டுப்பாடு உள்ள டேபிளில், விற்பனை நடக்கும் அதே டிரான்சாக்‌ஷனில் பதிந்துவிடுங்கள். இரண்டாவது முறை வந்தால் டேபிளே மறுத்துவிடும், நீங்கள் பழைய பதிலையே திருப்பி அனுப்பலாம். இதோடு, தங்கம் கூடினாலும் குறைந்தாலும் யாரிடமிருந்து யாருக்கு, எதற்காக என்று எழுதும் ஒரு கணக்குப் புத்தக டேபிளும் வையுங்கள். அதில் புதிதாகச் சேர்ப்பது மட்டும்தான், எதையும் திருத்தக் கூடாது. ‘என் தங்கம் காணோம்’ என்று ஒருவர் புகார் செய்யும்போது அதன் அருமை தெரியும்.

மைஎஸ்கியூஎல் தாங்காது என்பது பழைய பேச்சு. டிரான்சாக்‌ஷன் இல்லாத, எழுதும்போது டேபிள் முழுவதையும் பூட்டும் மைஐசாம் என்ற இன்ஜின் (தரவைச் சேமிக்கும் உள் பகுதி) இயல்பாக இருந்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் இயல்பான இன்ஜின். மேலே சொன்ன வேலைகளை அதுவும் செய்யும். ஒன்று கவனியுங்கள்: மைஎஸ்கியூஎல் செக் கட்டுப்பாட்டை உண்மையிலேயே அமல்படுத்தத் தொடங்கியது 8.0.16 பதிப்பில்தான். அதற்கு முன் எழுதினால் ஏற்றுக்கொண்டு, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உங்கள் கைக்கு மைஎஸ்கியூஎல் பழகியிருந்தால், புதிய பதிப்பாகப் பார்த்து அதிலேயே இருங்கள். கை பழகிய டேட்டாபேஸ் என்பது சாதாரண அனுகூலம் இல்லை.

மோங்கோடிபியைத் தள்ளிவைக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிரவுசரில் உலகம் முழுவதும் ஆடப்படும் லிசெஸ் சதுரங்கத் தளம் மோங்கோடிபியில்தான் ஓடுகிறது. அதன் கோடு திறந்த மூலம், யாரும் படிக்கலாம். ஸ்காலாவில் எழுதிய முக்கிய சர்வர் தனி, வெப்சாக்கெட் இணைப்புகளைத் தாங்கும் சர்வர் தனி. இரண்டுக்கும் நடுவே செய்தி கடத்துவது ரெடிஸ். அங்கே மோங்கோ பொருந்துவதற்குக் காரணம் சதுரங்கத்தின் இயல்பு. ஓர் ஆட்டம் என்பது தானே முழுமையான ஓர் ஆவணம், முடிந்தபின் மாறாது, இரண்டு ஆட்டங்களுக்கு இடையே எதுவும் கைமாறுவதில்லை. மோங்கோவில் ஓர் ஆவணத்துக்குள் செய்யும் மாற்றம் எப்போதுமே முழுதாக நடக்கும் அல்லது நடக்காது. இரண்டு ஆவணங்களுக்கு இடையே கைமாறும்போதுதான் சிக்கல். அதற்கான டிரான்சாக்‌ஷன் 2018இல், 4.0 பதிப்பில்தான் வந்தது, அதுவும் ரெப்ளிகா செட்டாக (ஒன்றையொன்று நகலெடுக்கும் சர்வர்களின் குழுவாக) ஓட்டினால்தான் கிடைக்கும். உங்கள் கேமின் உயிரே கைமாறுவதில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு அது இரண்டாவது தேர்வு. உங்களுடையது கேரம், சீட்டு, சதுரங்கம் போல ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்து முடிவதாக இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ரெடிஸை இப்போதைக்குச் சேர்க்காதீர்கள் என்பது என் எண்ணம். ஒரே சர்வர் புரோகிராம் ஓடும்வரை அது செய்யும் வேலையை உங்கள் மெமரியே செய்கிறது. இரண்டாவது கேம் சர்வரைத் தொடங்கும் அன்று, யார் எந்த சர்வரில் இருக்கிறார், ஒரு சர்வரின் சாட் இன்னொன்றுக்கு எப்படிப் போகும் என்ற கேள்விகள் வரும். அப்போது ரெடிஸ் அருமையான தீர்வு. தரவரிசைப் பட்டியலுக்கு அதன் சார்ட்டட் செட்டை (மதிப்பெண் வரிசையிலேயே வைத்திருக்கும் பட்டியலை) மிஞ்ச ஆள் இல்லை. லட்சம் பேரில் ஒருவர் எத்தனையாவது இடம் என்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். ஆனால் வாளும் தங்கமும் அதில் மட்டும் இருக்கக் கூடாது. வட்டில் எழுதும் ஏஓஎஃப் முறையை இயக்கி, அதன் வழக்கமான நொடிக்கு ஒருமுறை அமைப்பிலேயே விட்டால், மின்சாரம் போனால் ஒரு நொடி அளவுக்கு இழப்பு வரலாம் என்பதுதான் கணக்கு. தரவரிசைக்கு அது பரவாயில்லை. காசு கட்டியவருக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் ரெடிஸ் உரிமம் மாறியபோது பிரிந்து வந்த வால்கி, இந்த வேலைகளுக்கு அப்படியே மாற்றாகப் போட்டுக்கொள்ளக் கூடியது.

ஃபயர்பேஸ் போன்ற ‘ரியல்டைம்’ சேவைகளையும் யாராவது சொல்வார்கள். ஃபயர்பேஸின் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரில் இலவசமாக நாளுக்கு 20,000 முறைதான் எழுதலாம். உங்கள் மேப் நொடிக்கு 1000 முறை எழுதினால் 20 நொடியில் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். படிப்பது இன்னும் மோசம்: ஒவ்வொருவர் அசைவையும் மற்ற 49 பேர் பார்க்க வேண்டும், 50,000 என்ற படிக்கும் ஒதுக்கீடு ஒரு நொடியைத் தாண்டினால் முடிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் காசு. அதைவிடப் பெரிய கவலை, அந்த முறையில் பிரவுசர் நேரடியாக டேட்டாபேஸில் எழுதுகிறது. சண்டை உள்ள கேமில் யார் யாரை அடித்தார் என்பதை சர்வர் மட்டும்தான் தீர்மானிக்க வேண்டும்.

தனி சர்வர் இல்லாமல் ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட்டை நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் ஆரம்பத்துக்கு அது நிஜமாகவே நல்ல வழி. ஒரே மெஷின், ஒரே புரோகிராம் என்றால், வால் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் குறித்துக்கொள்ளும்) முறையை இயக்கிவிட்டு அதில் தாராளமாக ஓட்டலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது உங்கள் விற்பனைகளின் எண்ணிக்கைக்குத் தடையாக இருக்காது. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நோட்ஜேஎஸ்ஸில் பலரும் எடுக்கும் பெட்டர் எஸ்கியூலைட் லைப்ரரி டேட்டாபேஸிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் முடித்துவிட்டுத்தான் நகரும். வட்டு தாமதித்தால் உங்கள் 50 மில்லிசெகண்ட் டிக்கும், அதாவது எல்லோர் நிலையையும் புதுப்பிக்கும் சுற்றும், சேர்ந்து தாமதிக்கும். அதனால் எழுதும் வேலையைப் பக்கத்தில் இணையாக ஓடும் தனி வொர்க்கர் திரெடுக்குத் தள்ளுங்கள். அப்புறம், சில கிளவுட் சேவைகளில் புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய வட்டு அப்படியே மறைந்துவிடும். கேம் ஏறும், டேட்டாபேஸ் ஃபைல் போய்விடும். நிரந்தர வட்டு கேட்டு வாங்கியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது, டேட்டாபேஸ் தேர்வைவிட அதிகம் பேரைக் கவிழ்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். எப்போது எழுதுவது? இடம், உயிர் அளவு, அனுபவப் புள்ளி இவற்றை 30 நொடிக்கு ஒருமுறை, மாறிய வீரர்களை மட்டும் சேர்த்து ஒரே தொகுப்பாக எழுதலாம்; வீரர் வெளியேறும்போதும், சர்வரை நிறுத்தும் சிக்னல் வரும்போதும் எழுத வேண்டும். விற்பனை, வாங்குதல், பரிசு இவை உடனே. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். ஆபத்து இங்கே இருக்கிறது: 30 நொடிச் சேமிப்பு வீரனின் ஆப்ஜெக்டை அப்படியே முழுதாக எழுதினால் அதில் தங்கமும் இருக்கும். சேமிப்புக்காகப் பிரதி எடுத்த கணத்துக்கும் அது எழுதி முடியும் கணத்துக்கும் நடுவில் ஒரு விற்பனை நடந்தால், பழைய தங்கம் புதிய தங்கத்தின் மேல் போய் உட்காரும். வாங்கிய வாளும் இருக்கும், கொடுத்த தங்கமும் திரும்பி வந்துவிடும். டிரான்சாக்‌ஷன் எல்லாம் ஒழுங்காக எழுதியவர்கள்கூட இந்த வழியில் அகப்படுகிறார்கள். பரிகாரம் எளிது: தங்கமும் பொருள்களும் அந்தச் சேமிப்பில் வரவே கூடாது. அவை டிரான்சாக்‌ஷன் வழியாக மட்டுமே மாறும். மெமரியில் இருப்பது திரையில் காட்டுவதற்கான நகல், டேட்டாபேஸ் சொல்வதே கணக்கு. மற்றவற்றுக்கும் ஒரு பதிப்பு எண் வைத்து, தன்னிடம் உள்ள எண் பழசாக இருந்தால் எழுதாமல் விடும்படி செய்யுங்கள்.

டிக் ஓடும் இடத்தில் எங்கும் டேட்டாபேஸுக்காக அவெய்ட் போடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனி புராசஸ், இயல்பான வரம்பு 100. வீரருக்கு ஓர் இணைப்பு என்று திறக்காமல், பத்து இணைப்புகளை எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தும் ஒரு பூல் வைத்தால் உங்களுக்கு ஏராளம். டேட்டாபேஸும் கேம் சர்வரும் ஒரே டேட்டா சென்டரில் இருக்கட்டும். இவ்வளவு செய்தபின்னும் ஆட்டம் விட்டுவிட்டு நகர்ந்தால் டேட்டாபேஸைச் சந்தேகிக்கும் முன் நெட்வொர்க்கைப் பாருங்கள். வெப்சாக்கெட் டிசிபி மேல் ஓடுகிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்து நிற்கும்.

உங்கள் கேமில் வயல் விளைவது, சுரங்கம் தோண்டுவது போல மெதுவாக நடப்பவை இருந்தால், 2002இல் வந்த ஓகேம், 2004இல் வந்த டிராவியன் வகை பிரவுசர் கேம்களுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நொடியும் நெல்லைக் கூட்டி எழுத வேண்டாம். கடைசியாக இருந்த அளவு, மணிக்கு எவ்வளவு, கடைசியாகக் கணக்குப் பார்த்த நேரம், இந்த மூன்றை மட்டும் வைத்து, யாராவது கேட்கும்போது பெருக்கிக் கூட்டிச் சொன்னால் போதும்.

எதில் உறுதியாக இருக்கிறேன், எதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அசைவு மெமரியில், உடைமை டிரான்சாக்‌ஷனில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே போஸ்ட்கிரெஸ் உங்களுக்கு எத்தனை காலம் போதும் என்பது ஊகம்தான்: சில நூறு பேர் ஒரே நேரத்தில் ஆடினாலும் மேலே சொன்ன முறையில் எழுதினால் சிரமமே இருக்காது என்று நம்புகிறேன், ஆயிரக்கணக்கில் போனால் உங்கள் விற்பனை எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதை அளக்காமல் சொல்ல மாட்டேன். 30 நொடி என்ற இடைவெளியும் என் பழக்கம், அது விதி கிடையாது. நிஜப் பணம் உள்ளே வந்தால் பேமெண்ட் கேட்வேயோடு கணக்கு ஒத்துப்பார்ப்பது என்ற தனி வேலை வரும். அதை இந்தப் பதிலில் தொடவில்லை.

கேமை வெளியிடும் முன் ஒரு சோதனை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஐம்பது போலி வீரர்களை ஒரு ஸ்கிரிப்டில் உருவாக்கி, இடைவிடாமல் ஒருவருக்கொருவர் விற்கும்படி விடுங்கள். அந்தச் சோதனையில் புதிதாகத் தங்கம் பிறக்கும் வழி எதுவும் இருக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் புராசஸைச் சொல்லாமல் கொல்லுங்கள், மறுபடி தொடங்குங்கள், இதைப் பலமுறை செய்யுங்கள். டேட்டாபேஸ் மெஷினையும் ஒருமுறை அப்படியே நிறுத்திப் பாருங்கள். முடிவில் எல்லோருடைய தங்கத்தையும் கூட்டினால் ஆரம்பத்தில் இருந்த தொகையே வர வேண்டும், வாள்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கக் கூடாது, கணக்குப் புத்தக டேபிளின் கூட்டலும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு தங்கம் கூடினாலோ குறைந்தாலோ கோடில் எந்த இடம் என்று கண்டுபிடிக்கும்வரை வெளியிடாதீர்கள். மாட்டிக்கொண்டால் அந்த டிரான்சாக்‌ஷன் கோடை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.